எஞ்சினுக்கு ஏற்றிய சேலைன்

மாங்குளம் சந்தி முதுகுக்குப் பின்னால் மறைந்து வெகுநேரமாகியும் அந்தச் சத்தம் காதை விட்டுப் போகவில்லை. மல்லாவி வீதியில் நடந்துகொண்டிருந்தேன். மத்தியான வெயிலில் தார் இளகிச் செருப்பைப் பிடித்து இழுத்தது. தோளில் ஒரு பை, அதற்குள் இரண்டு சேட்டும் ஒரு சாரமும். நகக்கண்களுக்குள் கரி. கராச்சை விட்டு வெளிக்கிட்டபோது கையைக் கழுவவும் இல்லை, முதலாளியிடம் ஒரு சொல் சொல்லவும் இல்லை.

வேலையை விட்டுவிட்டு நடப்பது எனக்குப் புதிதல்ல. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. நான் நிறுத்தவில்லை, பள்ளிக்கூடமும் எங்களைப் போல இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து, ஒருமுறை நாங்கள் போன பக்கம் வராமலே விட்டுவிட்டது. அதன் பிறகு கல் அரிந்திருக்கிறேன், மண் ஏற்றியிருக்கிறேன், கொக்கிளாயில் கரைவலை இழுத்திருக்கிறேன், நெளுக்குளத்தில் ஒரு அரிசி ஆலையில் உமி அள்ளியிருக்கிறேன். ஒரு இடம் போதும் என்று தோன்றினால் பையை எடுப்பேன். கோபித்துக்கொண்டு எடுத்ததில்லை. அன்றும் கோபம் என்று சொல்ல முடியாது. திகைப்பு. ஒரு சின்னச் சத்தத்தையும் அதன் பின்னால் ஒரு மனிதர் சொன்ன ஒரு பொய்யையும் கேட்டேன். கால்கள் தாமாக நடக்கத் தொடங்கிவிட்டன. பெரிய சத்தங்களைக் கேட்டுவிட்டு, மண்ணைத் தட்டிவிட்டுச் சோறு சாப்பிட்டு வளர்ந்தவன் நான். இது ‘டக்’ என்று ஒன்று. அவ்வளவுதான். ஆனாலும் நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அதோடு நின்றுபோனது போல இருந்தது.

அந்தக் கராச், வாகனம் திருத்துகிற ஒரு தகரக் கொட்டகை. முதலாளிக்கு ஐம்பது தாண்டியிருக்கும். போர்க்காலத் தடையால் பெற்றோல் வன்னிக்குள் வராத காலத்தில் மோட்டார் சைக்கிள்களை மண்ணெண்ணெயில் ஓட வைத்தவர்களில் அவரும் ஒருவர். அந்தக் காலத்தைக் கண்டவர்களுக்கு விளக்கம் தேவையில்லை, காணாதவர்களுக்குச் சொல்கிறேன். துளிப் பெற்றோலை விட்டு எஞ்சினைக் கிளப்புவார்கள். கிளம்பிச் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிடுவார்கள். ஓடும். ஆனால் பெற்றோல் எஞ்சினுக்குள் மண்ணெண்ணெய் முழுதாக எரியாது. எரியாதது கரியாகி உள்ளே படியும். படியப் படிய இழுவை குறையும், புகை கூடும், ஒருநாள் நின்றுவிடும். அப்போது எஞ்சினைத் திறந்து கரியைச் சுரண்ட வேண்டும். சுரண்ட நேரமில்லாதவர்களுக்காகத் தான் கண்டுபிடித்த வழிதான் சேலைன் என்று முதலாளி சொல்லுவார். அப்படிச் சொல்லுகிறவர்கள் வன்னியில் இன்னும் நாலைந்து பேராவது இருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிச் சேலைன் போத்திலில் வடித்த தண்ணீரை நிரப்பிக் கூரை வளையில் தொங்கவிடுவார். அதன் குழாய் நுனியை எஞ்சின் காற்று இழுக்கும் வழிக்குள் செருகுவார். எஞ்சினை முறுக்கி வைத்துக்கொண்டு துளித் துளியாகத் தண்ணீர் விடுவார். உள்சூட்டில் தண்ணீர் ஆவியாகிக் கரியை இளக்கும். புகைக்குழாயால் கரும்புகையும் கரித்துகளும் பறக்கும். சேலைன் குழாயிலுள்ள சின்னச் சில்லைப் பெருவிரலால் உருட்டித் துளியைக் கூட்டுவார், குறைப்பார். எஞ்சினுக்குச் சேலைன் ஏற்றுகிற கராச் என்று கேட்டால் துணுக்காய் தொடக்கம் ஒட்டுசுட்டான் வரைக்கும் வழி காட்டுவார்கள்.

அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. தண்ணீர் கூடினால் எஞ்சின் நின்றுவிடும். நின்ற எஞ்சினுக்குள் தண்ணீர் தேங்கி நிற்கும். காற்றை அமத்தலாம், தண்ணீரை அமத்த முடியாது. அந்த நேரத்தில் எஞ்சினைச் சுற்ற வைத்தால் தண்ணீர் விட்டுக்கொடுக்காது. உள்ளே இருக்கிற இரும்புத் தண்டுதான் வளையும். மோட்டார் சைக்கிளில் இது முன்கூட்டியே தெரிந்துவிடும். கிக்கரை மிதித்தால் கீழே இறங்காது, கல்லில் மிதித்த மாதிரி இருக்கும். உடனே பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியே எடுத்துவிடலாம். “கால் சொல்லுமடா” என்பார் முதலாளி. நான் வேலைக்குச் சேர்ந்த அன்றே சொன்னார், அதன் பிறகும் ஒவ்வொரு சேலைனுக்கும் சொன்னார்.

அன்று காலை வந்தது மோட்டார் சைக்கிள் அல்ல. ஒரு வெள்ளை ஜப்பான் கார். ஓட்டி வந்தவர் நாற்பத்தைந்து வயது மதிக்கக்கூடிய ஒரு பெண். அக்கா என்றே சொல்கிறேன். பக்கத்தில் அவருடைய கணவர். முன்பு லொறி ஓட்டியவர். இப்போது சிறுநீரகங்கள் இரண்டும் பழுதாகி, கிழமைக்கு இரண்டு தரம் வவுனியா ஆஸ்பத்திரியில் மெசினோடு படுத்து இரத்தம் சுத்தப்படுத்திக்கொண்டு வருகிறவர். கணுக்கால்கள் வீங்கியிருந்தன. ஆனால் ஆள் சிரித்தபடி இறங்கினார்.

“அண்ணை, கார் இழுக்குதில்லை. காலமையில ஸ்ராட் பண்ணினா நடுங்குது. போன முறை ஓமந்தையில நிண்டே போச்சு. இந்த மனுசனை வைச்சுக்கொண்டு நான் பட்ட பாடு” என்றார் அக்கா.

“மண்ணெண்ணெய் ஏதும் விட்டனீங்களோ தங்கச்சி?”

அக்கா கணவரைப் பார்த்தார். கணவர் தகரக் கூரையைப் பார்த்தார்.

“பெற்றோலுக்கு வரிசையில கிடந்த நேரம் விட்டனாங்கள்” என்றார் அக்கா. “முல்லைத்தீவில என்ர தங்கச்சியின்ர மனுசன் கடல் தொழிலுக்குப் போறவர். போட் எஞ்சினுக்கு வைச்சிருந்ததில தந்தவர். கலந்து விட்டனாங்கள். வேற என்ன செய்யிறது? அதுக்கு முதல் ஒருக்கா மெசினுக்குப் போகேலாமப் போய், இவருக்கு நெஞ்சுக்குள்ள தண்ணி சேர்ந்து, மூச்செடுக்க ஏலாமக் கிடந்தவர். நான் பக்கத்தில இருந்து பாத்தனான் அண்ணை. இன்னொருக்காப் பாக்க என்னால ஏலாது. நாளைக்கு விடிய இவர் வவுனியாவில நிக்க வேணும்.”

முதலாளி காரின் முன்மூடியைத் திறந்து காற்றுப் போகும் குழாயைக் கழற்றினார். போன் வெளிச்சத்தை உள்ளே அடித்துப் பார்த்தார். பிறகு போனை என்னிடம் தந்தார். குனிந்து பார்த்த நான் தலையை வெளியே எடுத்துவிட்டு, வேறு எதையோ பார்த்துவிட்டேனோ என்று மறுபடி பார்த்தேன். வெளியே பளபளவென்று கழுவித் துடைத்த கார். உள்ளே, காற்றுப் போகவேண்டிய வாசல் முழுக்க, அடிப்பிடித்த பானையின் கருக்கல் மாதிரிக் கட்டிகட்டியாகக் கரி. நடுவில் பென்சில் போகிற அளவுக்கு ஒரு ஓட்டை. விரலை விட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு கட்டி உடைந்து கையோடு வந்தது. இதற்குள்ளால் மூச்சு விட்டுக்கொண்டா இந்தக் கார் இந்த மனிதரைக் கிழமைக்கு இரண்டு தரம் வவுனியாவுக்குக் கொண்டுபோய்க் கொண்டுவந்தது? எனக்கு அந்தக் காரைத் தொடவே ஒரு மாதிரி இருந்தது.

“கழட்டித்தான் சுரண்ட வேணும்” என்றார் முதலாளி. “ரெண்டு நாள் தாங்கோ. புதுசா எடுத்த மாதிரித் தாறன்.”

“நான் என்ன சொன்னனான், நீங்கள் என்ன சொல்லுறீங்கள்? நாளைக்கு விடிய எண்டனான்.”

“ஒருக்கா பஸ்ஸில…”

“பஸ்ஸில இவரை ஆர் தாங்கிக்கொண்டு நிக்கிறது? நீங்களோ?”

முதலாளி தலையைச் சொறிந்தார். கண் மெல்ல வளைக்குப் போனது. அங்கே சேலைன் போத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

“சும்மா கொஞ்சம் ஏத்திப் பாப்பமோ? நாளைக்குப் போய் வர இழுவை வந்திட்டுதெண்டால், வந்த பிறகு விடுங்கோ, ஆறுதலாக் கழட்டுவம்.”

லொறிக்காரர் சிரித்தார். “ஏத்துங்கோ, ஏத்துங்கோ. எனக்கு ஒரு நாளைக்கு அரைப் போத்தில் தண்ணிதான் அளந்து தருவா. என்ர பங்கையும் அதுக்கே குடுங்கோ, குடிக்கட்டும்.”

“வாயைப் பார்” என்றார் அக்கா.

வழக்கமாக நான்தான் ஓட்டுநர் இருக்கையில் இருந்து அக்சிலேற்றரை அமத்திக்கொண்டிருப்பேன். அன்று லொறிக்காரர் தானே இருப்பேன் என்று நின்றார். “வீங்கின காலோடயோ?” என்று கேட்ட அக்காவிடம், “வீங்கினாலும் லொறிக்காலடியப்பா” என்றார். ஒரு நல்ல காரியம் செய்யக் கிடைத்த மாதிரி ஏறி இருந்து கதவைச் சாத்தினார். அக்கா தேத்தண்ணியும் பணிசும் வாங்கச் சந்திக்குப் போனார்.

சேலைன் இறங்கத் தொடங்கியதும் புகைக்குழாய் ஒருமுறை இருமியது. பிறகு கறுப்பாகக் கொட்டியது. கொட்டகை முழுக்கப் புகை. எதிரே ரயர் ஒட்டுகிறவன் எழும்பி நின்று, “அண்ணை, கராச் எரியுதோ, நான் என்ர சாமானை எடுக்கவோ?” என்று கத்தினான். முதலாளிக்குச் சந்தோசம். சில்லை இன்னும் கொஞ்சம் உருட்டினார். “பாத்தியா, இளகி வருது. இன்னும் ஒரு போத்தில் வேணும். ஓடிப்போய் நிரப்பு.”

இரண்டாவது போத்திலை எடுத்துக்கொண்டு பின்னால் குழாய்க் கிணற்றடிக்குப் போனேன். கைபிடியை அடித்துத் தண்ணீர் வர வைத்து, துணியை மடித்துப் பிடித்து வடித்துக்கொண்டிருந்தேன். தகரத்துக்கு அந்தப் பக்கம் எஞ்சின் சத்தம் உயரமாக, ஒரே சீராகக் கேட்டுக்கொண்டிருந்தது. திடீரென்று அது இறங்கியது. இறங்கி, திணறி, நின்றது. நின்றால் பரவாயில்லை, பிளக்கைக் கழற்றுவார் என்று நினைத்தேன். அப்போதுதான் ஸ்ராட் மோட்டார் சுற்றுகிற சத்தம் வந்தது. எஞ்சின் ஒருமுறை பற்றிக்கொள்ளப் பார்த்தது. டக்.

மறுபடி கிளம்பும் என்று போத்தில் நிரம்பும் வரை காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன்; கிளம்பவில்லை, போத்திலைப் போட்டுவிட்டு ஓடினேன். முதலாளி காருக்கு முன்னால், குழாயைக் கையில் பிடித்தபடி நின்றார். மேலே தொங்கிய போத்திலில் ஒரு சொட்டும் இல்லை. லொறிக்காரர் முதலே காரை விட்டு இறங்கிவிட்டவர் போல, பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து, இரண்டு கையாலும் கெண்டைக்காலை அமத்திக்கொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். முதலாளி பிளக்குகளைக் கழற்றினார். ஸ்பானரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றினார். ஒரு ஓட்டையிலிருந்து கறுத்த தண்ணீர் பீறிட்டு அவர் சேட்டில் அடித்தது. இன்னும் சுற்றினார். பாதியில் இரும்பு இரும்பை உரசி நின்றது. அதற்கு மேல் அசையவில்லை.

“அண்ணை, தண்ணி நிண்ட எஞ்சினை அடிச்சனீங்களோ?” என்று கேட்டேன். கால் சொல்லும், கால் சொல்லும் என்று எனக்குப் பாடம் நடத்திய மனிதர். காரில் கிக்கர் இல்லை; ஸ்ராட் பண்ணுகிற திறப்புக்குக் கால் மாதிரி அறிவு இல்லை. அது இவருக்குத் தெரியாதா?

“உன்ர வேலையைப் பார்” என்றார்.

அக்கா தேத்தண்ணிப் பையோடு வந்தார். “என்ன, சத்தத்தைக் காணேல்ல? முடிஞ்சுதோ?”

முதலாளி கையைத் துணியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். பிறகு நிமிர்ந்து, அக்காவின் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார்.

“எஞ்சின் உள்ளுக்க முதலே முடிஞ்சிருந்திருக்கு தங்கச்சி. கரி உள்ளதெல்லாத்தையும் திண்டு போட்டுது. இண்டைக்கு இல்லாட்டி நாளைக்கு நடு றோட்டில விட்டிருக்கும். உங்கட நல்ல காலம், இஞ்ச வைச்சுப் போனது.”

நல்ல காலமாம். கரி மூச்சை அடைக்கும், இழுவையைக் குறைக்கும். இரும்புத் தண்டைத் தின்னாது. எனக்கும் லொறிக்காரருக்கும் தெரிந்த உண்மைக்கு நடுவில் நின்று ஒரு மனிதர் இவ்வளவு அமைதியாகப் பொய் சொல்ல முடியும் என்று நான் நினைத்திருக்கவில்லை. அதுவும் சும்மா ஒரு காருக்காக அல்ல. நாளைக்கு விடிய இந்த மனிதர் வவுனியாவில் நிற்க வேண்டும்.

அக்கா வெறும் போத்திலைப் பார்த்தார். முதலாளியைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். “அப்ப நாளைக்கு?” என்றார். அவ்வளவுதான் கேட்டார். சண்டை பிடிப்பார், கத்துவார் என்று காத்திருந்தேன். அவர் போனை எடுத்து, பக்கத்து வீட்டுப் பெடியனை உழவு மெசினோடு, அவனுடைய ட்ரக்டரோடு, வந்து காரை இழுக்கச் சொன்னார். நான் உள்ளே போய்ப் பையை எடுத்தேன்.

இப்படித்தான் அந்த வீதிக்கு வந்தேன்.

வன்னிவிளாங்குளம் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தபோது பின்னால் உழவு மெசின் சத்தம் கேட்டது. ஒதுங்கினேன். மெசின் என்னைத் தாண்டி நின்றது. அதன் பின்னால் கயிற்றில் அந்த வெள்ளைக் கார். அக்கா கண்ணாடிக்குள்ளால் தலையை நீட்டினார்.

“கராச்சில நிண்ட தம்பியெல்லோ? எங்க போறீர்?”

“தெரியாது அக்கா.”

“தெரியாத இடத்துக்கு ஏன் வெயிலுக்குள்ள நடந்து போறீர்? ஏறும், ஏறிக்கொண்டு போம்.”

பின் இருக்கையில் ஏறினேன். லொறிக்காரர் முன்னால் கண்ணை மூடியபடி சாய்ந்திருந்தார். எஞ்சின் சத்தமில்லாத கார் ஊர்வது விசித்திரமாக இருந்தது. சில்லுகளும் கயிற்றின் முறுகலும் மட்டும் கேட்டன. அக்கா முழுப் பலத்தோடு ஸ்ரேறிங்கைப் பிடித்திருந்தார். கயிறு தளராமல் பார்த்துப் பார்த்துப் பிரேக்கை அமத்தினார்.

எனக்குப் பொறுக்க முடியவில்லை. “அக்கா, கரி திண்டு போகேல்ல” என்றேன். “தண்ணி கூடி எஞ்சின் நிண்டது. தண்ணியை எடுக்காமத் திறப்பைத் திருப்பினதாலதான் போனது. அவர் உங்களுக்குச் சொன்னது பொய். அதாலதான் நான் வேலையை விட்டிட்டு வாறன்.”

அக்கா திரும்பவில்லை. “எனக்குத் தெரியும்” என்றார்.

“தெரியுமோ?”

“நான் போகேக்க போத்தில் முக்கால்வாசி. வரேக்க வெறும் போத்தில். எனக்குக் கண் இல்லையோ? முதலே போனதாம், என்ர நல்ல காலமாம். அந்த மூஞ்சையைப் பாத்துக்கொண்டு பேசாம நிண்டனான். ஏன் தெரியுமோ? விடியமுதல் மூண்டு மணிக்குக் கார் நிண்டுபோய்ப் போன் அடிச்சாலும் எழும்பி வாற ஒரே ஆள் அந்தாள்தான். நாளைக்கு இவருக்கு ஒண்டெண்டால் நான் ஆரிட்டப் போறது? பொய்யனெண்டாலும் அந்தாளிட்டத்தான் போக வேணும். அதுதான் வாயைப் பொத்திக்கொண்டு வந்தனான்.”

“மனுசனோ அவர்?” என்றேன் நான். “ஒரு வருத்தக்காரரின்ர காரை உடைச்சுப் போட்டு…”

“விடும். கண்ணுக்கு முன்னால நிண்டு பொய் சொல்லுறவனுக்கு என்னத்தைச் சொல்லுறது. களவாணி.”

“நான்தான் திருப்பினனான்.”

லொறிக்காரர் கண்ணைத் திறக்காமலே சொன்னார். என்ன சொன்னார் என்று எனக்கு முதலில் பிடிபடவில்லை.

“என்னது?” என்றார் அக்கா.

“திறப்பை நான்தான் திருப்பினனான். அந்தாள் இல்லை.” இப்போது கண்ணைத் திறந்து முன்னால் போகும் மெசினைப் பார்த்தபடி பேசினார். “ஆரோ வந்து கேற்றடியில கூப்பிட்டவங்கள். அண்ணை காலை எடுத்திடாதைங்கோ, இந்தா வாறன் எண்டிட்டு அந்தாள் போனது. நான் எடுக்கேல்ல. கெண்டைக்கால் பிடிச்சு இழுத்திட்டுது. கல்லு மாதிரி. கால் தன்ரபாட்டில மேல வந்திட்டுது. எஞ்சின் திணறி நிண்டுது. நான் காலைப் பிடிக்கிறனோ, எஞ்சினைப் பாக்கிறனோ? அந்தாள் வாறதுக்கிடையில அடிச்சு எழுப்பிப் போடுவமெண்டு திறப்பைத் திருப்பினன். லொறி நிண்டா அதைத்தானே செய்யிறனாங்கள்.”

அக்கா பிரேக்கை அழுத்தமாக மிதித்துவிட்டார். கயிறு விண்ணென்று இறுகி மெசினைப் பின்னால் இழுத்தது. பெடியன் திரும்பிக் கத்தினான்: “அக்கோய்! பிரேக்கை விடுங்கோ! கயிறு அறப்போகுது!” அக்காவுக்குக் கேட்டதாகவே தெரியவில்லை. அவர் கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் முன்னால் எட்டி, “அக்கா, கால்” என்றேன். அவர் காலை எடுத்தார். கார் மறுபடி ஊர்ந்தது.

“அந்தாள் ஓடி வந்தது” என்று லொறிக்காரர் தொடர்ந்தார். “சத்தம் கேட்டவுடன அந்தாளுக்கு விளங்கியிட்டுது. ஒரு கேள்வி கேக்கேல்ல. கமக்கட்டுக்குள்ள கை குடுத்து என்னை இறக்கி, கதிரையில இருத்தி, காலை நீவி விட்டது. பிறகு சொன்னது, தங்கச்சியோட நான் கதைக்கிறன், நீங்கள் வாயைத் திறக்காதைங்கோ எண்டு. நானும் திறக்கேல்ல. நீங்கள் ரெண்டு பேரும் இப்ப அந்தாளைத் திட்டுறதைக் கேட்டுக்கொண்டு என்னால இருக்கேலாது.”

பின்னால் இருந்த எனக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. வெயிலுக்குள் அவ்வளவு தூரமும் அந்த மனிதரைத் திட்டிக்கொண்டு நடந்தவன் நான். நான் அங்கே கேட்டதும் பொய்தான், அதில் மாற்றமில்லை. ஆனால் தன்னைக் காப்பாற்ற முதலாளி சொன்னதென்று நினைத்தேன்; அது இவருக்காகச் சொல்லப்பட்டது. கறுத்த தண்ணீர் அடித்த சேட்டோடு அவர் வெகுநேரம் கை துடைத்துக்கொண்டு நின்றது இப்போது வேறு மாதிரித் தெரிந்தது. அந்தக் கையால்தான் அதற்குச் சற்று முன்னால் இவருடைய காலை நீவியிருக்கிறார். அதை நான் காணவில்லை. கிணற்றடியில் தண்ணீர் வடித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா என்ன சொல்லப்போகிறாரென்று பயந்தபடி இருந்தேன். வீதியோரம் மாடுகள் கடக்கும் வரை மெசின் நின்று, பிறகு வெளிக்கிட்டது. அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.

“உங்களுக்கென்ன விசரே?”

“ஓம்.”

“லொறிக்காலாம். லொறிக்கால்.” ஸ்ரேறிங்கில் ஒரு அடி அடித்தார். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை இல்லை. கொஞ்சத் தூரம் போன பிறகு கேட்டார்: “இப்ப எப்பிடி இருக்கு கால்?”

“விட்டிட்டுது.”

“அண்ணை, மெசினை நிப்பாட்டச் சொல்லுங்கோ” என்றேன் லொறிக்காரரிடம். “நான் இறங்கித் திரும்பிப் போறன்.”

“போய்?” என்றார் அக்கா. “போய் என்ன சொல்லப் போறீர்? நீர் ஏன் வெளிக்கிட்டனீர் எண்டே அந்தாளுக்குத் தெரியாது. கோள் மூட்டத்தான் போனனீரெண்டு நினைக்கும். நான் போன் எடுத்துக் கதைக்கிறன். நீர் பேசாம இரும்.”

ஆனால் நாளைக்கு என்ற கேள்வி காருக்குள் எங்களோடு இருந்தது. மல்லாவிக்குப் போய்ச் சேரும் மட்டும் லொறிக்காரர் போனைக் காதில் பிடிக்க, அக்கா ஒவ்வொருவராகக் கேட்டார். ஓட்டோக்காரர் கிளிநொச்சியில் நின்றார். எஞ்சின் செய்யக் கொடுத்திருக்கிறாராம். வான்காரருக்குக் கலியாண வீட்டு ஓட்டம். இன்னொருவர் விடியப் பார்த்துச் சொல்கிறேன் என்றார். விடியப் பார்த்துச் சொல்கிறவரை நம்பி ஆஸ்பத்திரி மெசினில் போடுகிற ஆளை வைத்திருக்க முடியாது என்று அக்கா சொல்ல, லொறிக்காரர் போனை மடியில் போட்டார்.

வீட்டு முற்றத்தில் காரைத் தள்ளி விட்டதும் மெசின்காரப் பெடியன் கயிற்றைச் சுருட்டிக்கொண்டே சொன்னான்: “மெசினுக்குப் பின்னால பெட்டியைக் கொழுவிறன் அக்கா. மாங்குளம் வரைக்கும் நான் கொண்டுபோறன். அங்கயிருந்து வவுனியாவுக்கு ரெயின்.”

“பெட்டியிலயோ? இவரென்ன நெல்லு மூட்டையோ?”

“மூட்டையெண்டால் பிரச்சினையில்லை” என்றார் லொறிக்காரர். “அது ஆடாது.”

பெடியன் சிரித்தான். அக்கா சிரிக்கவில்லை. பெட்டியின் நீளத்தையும் அகலத்தையும் கண்ணால் பார்த்தார். குசினிக்குள் போய் ஒரு மரக் கதிரையைத் தூக்கி வந்து பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். கையால் தள்ளினார். வழுக்கியது. என் பக்கம் திரும்பினார்.

“தம்பி, நாளைக்கு உமக்கு எங்க வேலை?”

“எங்கயும் இல்லை அக்கா.”

“அப்ப இண்டைக்கு இஞ்ச கிடவும்.”

விடிய இருட்டோடு எழுப்பினார்கள். பனி விழுந்து பெட்டித் தகரம் நனைந்திருந்தது. அக்கா இரண்டு சாக்கை மடித்துக் கதிரைக் கால்களுக்குக் கீழே போட்டார். பெடியனும் நானும் லொறிக்காரரைத் தூக்கி ஏற்றினோம். நினைத்ததைவிடப் பாரமாக இருந்தார். எல்லாம் தண்ணீர், இன்றைக்கு இறங்கிவிடும் என்றார் அவர். கழுத்தைச் சுற்றித் துவாய். மடியில் ஆஸ்பத்திரிப் பை. நான் கதிரைக்குப் பின்னால் குந்தி, பெட்டிச் சுவரில் முதுகைக் கொடுத்து, ஒரு கையால் அவருடைய தோளைப் பிடித்தேன்.

ஏற வந்த அக்கா அதைப் பார்த்தார். “அவரைப் பிடியாதைங்கோ தம்பி” என்றார் மெதுவாக. “ஆள் பிடிச்சால் அவருக்குப் பிடிக்காது. கதிரையைப் பிடியுங்கோ.”

தோளிலிருந்து கையை எடுத்தேன். கதிரையின் பின்கால்கள் இரண்டையும் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தேன். மெசின் கிளம்பியது.